அச்சகத்தின் இரண்டு கணினிகளும் விண்டோஸ் 11-உம்

சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகம். வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, உள்ளே மையும் காகிதமும் கலந்த வாசனை, மூலையில் இரண்டு கணினிகள். உரிமையாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கணினிக்கு ஏதாவது வந்தால் எனக்குப் போன் செய்வார். 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம், காலண்டர் வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில் அழைத்தார்.

"தம்பி, முழுத் திரைக்கும் ஓர் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறதாம். நாளைக்கு இது ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"ஓடும் அண்ணாச்சி."

"பிறகென்ன?" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தப் "பிறகென்ன"வுக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அதே மூலையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கே இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன. புதிய இயங்குதளத்துக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 நன்றாக இருக்குமா என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கணினி காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறது? அதில் என்னென்ன செருகப்பட்டிருக்கின்றன? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மாறுவதா வேண்டாமா என்பது பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

முடிந்தது எது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அந்த ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஜெர்ரி நிக்சன் ஒரு மாநாட்டில், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்ற பொருளில் பேசினார். இனிமேல் புதிய எண் வராது, உள்ளேயே புதுப்பித்துக்கொண்டு போவார்கள் என்று பலரும் நம்பினோம். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கடைசி என்று சொன்னது பத்தாண்டுகளும் சொச்சமும் தாங்கியது.

ஆதரவு முடிவதால் கணினி நின்றுவிடாது. மறுநாளும் திறக்கும், தட்டச்சு ஏறும், அச்சு விழும். நின்றுபோவது மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்புத் திருத்தங்கள். ஓட்டைகள் எந்த மென்பொருளிலும் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். அவற்றை அடைக்கும் கொத்தனார் இனி வரமாட்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்கட்டுமானத்தில் பெரும்பகுதி பொதுவானது. விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வந்ததும், தாக்க நினைப்பவர் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். மாற்றிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அதே ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருந்தால் அங்கே அது திறந்தபடியே கிடக்கும். ஆகவே ஆதரவு நின்ற மறுநாள் ஆபத்து குறைவு, ஓராண்டு கழித்துக் கூடுதல், மூன்றாண்டு கழித்து இன்னும் கூடுதல். ஒரே நாளில் இடிந்து விழுவதாகப் பயமுறுத்துகிறவர்களும் ஒன்றுமே ஆகாது என்று தோளைத் தட்டுகிறவர்களும் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற தீநிரலை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் கணினிகள் முடங்கின, நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்ததால் வந்த வினை என்று அப்போது பேசப்பட்டது. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் வழக்கத்தை மீறி அதற்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது. திருத்தமும் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, வந்துவிட்டது. நிறுவியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆதரவுள்ள இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருப்பவர் விண்டோஸ் 10 வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கிராக் செய்த விண்டோஸ் ஓட்டுபவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் அது குறைவில்லை. உரிமத்தைப் பொய்யாகச் செயல்படுத்தும் சின்ன நிரலை ஓட்டும்போது, வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்லும். அணைத்துவிட்டு, யார் எழுதினார் என்றே தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்த பிறகு, மாதத் திருத்தம் வருகிறதா என்று கவலைப்படுவது கொல்லைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் பூட்டு வாங்குவதுபோல.

டிபிஎம் என்னும் சின்னச் சில்லு

முந்தைய மாற்றங்களில் பழைய கணினி மெதுவாகவாவது புதியதை ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் யாருக்கும் பிரச்சினை இல்லை. சிக்கல் மூன்று இடங்களில்: டிபிஎம் 2.0, செக்யூர் பூட், பிராசசரின் வயது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, அதாவது 2017-இன் பிற்பகுதியிலிருந்து வந்தவை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

டிபிஎம் என்பது சாவிகளைப் பூட்டி வைக்கும் ஒரு தனி அறை. வட்டில் உள்ளதை மறையாக்கம் செய்யும் சாவி, நம் பின் எண்ணுக்குரிய ரகசியம் போன்றவை சாதாரண நினைவகத்தில் கிடக்காமல் அதற்குள் இருக்கும். கணினி தொடங்கும்போது ஒவ்வொரு படியும் முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று அளந்தும் வைத்துக்கொள்ளும். செக்யூர் பூட், கையொப்பமில்லாத எதையும் விண்டோஸுக்கு முன்னால் தொடங்க விடாது. பிராசசரின் வயதுக்கு வேறொரு காரணம் சொல்கிறார்கள். விண்டோஸ் 11 தன் உட்கருவின் ஒரு பகுதியைத் தனி அரணுக்குள் வைத்துப் பாதுகாக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி என்று அமைப்புகளில் தெரிவது இதன் ஒரு பகுதிதான். அதைத் தடையின்றிச் செய்ய உதவும் வசதி பழைய பிராசசர்களில் இல்லை. மென்பொருளாலேயே அதை ஈடுகட்டப் போனால் வேகம் அடிபடும்.

காரணம் உண்மைதான். ஆனால் முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வசதி ஏழாம் தலைமுறை இன்டெல்லிலேயே இருக்கிறது. அந்தத் தலைமுறையை மொத்தமாகத் தள்ளிவிட்டு, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்த ஏழாம் தலைமுறைச் சில்லுக்கு மட்டும் பின்னர் விலக்கு கொடுத்தார்கள். கோட்டைப் போட்டவரின் வீட்டு வாசலில் மட்டும் கோடு கொஞ்சம் வளைந்தது. இந்த விதியால் 24 கோடி கணினிகள் கழிவாகப் போகக்கூடும் என்று கானாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை.

அண்ணாச்சியின் மூலைக்கு வருவோம்.

இரண்டாவது கணினி

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எளிது. 2019-இல் சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தது. ஒன்பதாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டு. மின்னஞ்சல், வாடிக்கையாளர் அனுப்பும் படங்கள், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் இதில். இணையத்தோடு நாள் முழுக்கத் தொடர்பில் இருப்பது, பணம் புழங்குவது. ஆகவே இதற்கு விவாதமே வேண்டாம், மாற வேண்டியதுதான். தகுதியுள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறக் கட்டணமும் இல்லை.

ஆனால் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டினால், இந்தக் கணினி தகுதியற்றது என்று சிவப்புக் குறி காட்டியது. அண்ணாச்சியின் மகன் அதைப் பார்த்துவிட்டுப் புதிய கணினிக்கு விலை கேட்கவே தொடங்கியிருந்தார். ஒன்பதாம் தலைமுறைக்குத் தகுதி இல்லாமல் போகாது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போனால் இன்டெல் பிடிடி என்று ஒரு வரி அணைந்து கிடந்தது. அதுதான் டிபிஎம். பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, எழுப்பினால் போதும். அசெம்பிள் செய்த கணினிகளில் இது தூங்கிக் கிடப்பது சர்வ சாதாரணம். ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். புதுக் கணினிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த முடிச்சு கொஞ்சம் இறுக்கம். விண்டோஸை நிறுவியவர் லெகசி என்ற பழைய தொடக்க முறையில் நிறுவியிருந்தார். வட்டு எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அமைப்பில் இருந்தது. செக்யூர் பூட் வேண்டுமானால் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை வேண்டும், அதற்கு வட்டு ஜிபிடி என்ற புதிய பகுப்பு அமைப்பில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை. எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது, தரவைத் தொடாமல் மாற்றித் தரும். வட்டில் நான்கு முதன்மைப் பகுதிகள் இருந்தால் மறுத்துவிடும். வரிசை முக்கியம்: முதலில் வட்டை மாற்ற வேண்டும், அப்புறம் பயாஸில் யுஇஎஃப்ஐக்குப் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் கணினி தொடங்காமல் கருப்புத் திரையில் நிற்கும். பயந்துவிட வேண்டாம், பயாஸ் அமைப்பை முன்பிருந்தபடி வைத்தால் மறுபடி எழுந்துகொள்ளும். இதையெல்லாம் தொடுவதற்கு முன் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நான் எண்ணுவதில்லை.

மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் சோதிக்க வேண்டியது அழகை அல்ல, செருகிய பொருட்களை. பிரிண்டர் அச்சடிக்கிறதா, ஸ்கேனர் வேலை செய்கிறதா, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால் தளம் அடையாளம் காண்கிறதா? தாக்கல் செய்யக் கடைசி நாளன்று மாலை கண்டுபிடிக்கக் கூடாத விஷயம் அது. ஆகவே மாதத்தில் எந்தத் தேதியில் மாறுவது என்பதையும் தாக்கல் தேதியைப் பார்த்துத்தான் குறித்தோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், அப்படிக் கணக்கோடு புதிதாக நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் ஆகிவிடும். திருட்டுப் போனால் தரவு பிறர் கையில் சிக்காது, நல்லதுதான். ஆனால் அதன் மீட்புச் சாவி, 48 இலக்க எண், எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேறோர் ஊரில் ஓர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மதர்போர்டு மாற்றிய பிறகு கணினி நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. நிறுவிக் கொடுத்தவர் அவசரத்துக்குத் தன் பெயரிலேயே ஒரு கணக்கு உருவாக்கி நுழைந்திருக்கிறார். அவருடைய பழைய போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஆறு ஆண்டுச் சம்பளப் பதிவேடு அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது, பத்திரமாக, யாரும் எடுக்க முடியாதபடி. அன்றிலிருந்து நான் மாற்றித் தரும் ஒவ்வொரு கணினிக்கும் அந்த எண்ணைத் தாளில் அச்செடுத்து உரிமையாளர் கையில் கொடுத்துவிடுகிறேன். அண்ணாச்சி அதை பீரோவில், நகைக்கடை ரசீதுகளோடு வைத்திருக்கிறார்.

பணிப்பட்டையின் ஐகான்கள் நடுவுக்கு வந்துவிட்டன, வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் பாதியாகிவிட்டது என்ற குறைகள் ஒரு வாரம் இருக்கும். ஐகான்களை இடப்பக்கம் தள்ள அமைப்புகளில் வழி உண்டு. மற்றபடி கை பழகிவிடும்.

முதல் கணினி

முதல் கணினியில்தான் அச்சகத்தின் உயிர் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ3. இப்போது வழக்கமான 64-பிட் அல்ல, பழைய 32-பிட் விண்டோஸ் 10. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது, 1994-இல் அடோபி கைக்கு வந்தது, 7.0 பதிப்போடு நின்றுபோனது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இருந்தும் தமிழ்நாட்டுச் சின்ன அச்சகங்களில் பலவற்றில் கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா அழைப்பும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் இன்றும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

பழைய தமிழ் எழுத்துருக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் இந்தக் கணினியின் பிரச்சினை புரியும். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திரையில் 'அம்மா' என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான் இருக்கின்றன. எம் இருக்கும் இடத்தில் 'அ'வின் உருவத்தையும், கே இருக்கும் இடத்தில் 'ம'வின் உருவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியையும், எச்-இன் இடத்தில் துணைக்காலையும் வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. பழைய தட்டச்சு இயந்திர விசைகளின் வரிசை அப்படியே. கணினியைப் பொறுத்தவரை அது பொருளில்லாத ஆங்கிலக் குவியல், தமிழாக்குவது எழுத்துரு என்ற முகமூடி.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. இயங்குதளத்துக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லாததால், எந்த விண்டோஸிலும் இந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் அப்படியே தெரியும். விண்டோஸ் 11-க்குப் போனால் எழுத்துரு போய்விடும் என்ற பயம் டிடிபி போடுகிறவர்களிடம் நிறைய இருக்கிறது. ட்ரூடைப் என்ற வகை எழுத்துருக் கோப்பாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். கோப்பை எடுத்துப்போக மறந்தால்தான் ஆபத்து.

உண்மையான முட்டுக்கட்டை டாங்கிள் என்னும் சின்ன உரிமச் சாவி. அண்ணாச்சி பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எழுத்துருத் தொகுப்பும் விசைப்பலகை நிரலும், யுஎஸ்பியில் ஒரு டாங்கிள் செருகியிருந்தால்தான் திறக்கும். அந்த டாங்கிளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற நிரல் 32-பிட்டுக்கு எழுதப்பட்டது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் டிரைவர் ஏறாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் டிரைவர் கிடைத்தாலும் அது பழையதாக இருந்தால், முன்பு சொன்ன மெமரி இன்டெக்ரிட்டி அதைப் பொருந்தாதது என்று வெளியே நிறுத்தக்கூடும். அதை அணைத்துவிட்டு டிரைவரை ஏற்றலாம் என்பார்கள். எதற்காகப் புதியதற்கு வந்தோமோ அதையே அணைப்பதற்கு, பழையதிலேயே இருந்துவிடலாம்.

தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11-ஐப் பழைய கணினியில் ஏற்றும் வழிகளும் உண்டு. ரூஃபஸ் என்ற கருவியால் பத்து நிமிட வேலை. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பித்தல்கள் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 24எச்2 வந்தபோது, சில பிராசசர் கட்டளைகள் இல்லாத மிகப் பழைய கணினிகள் தொடங்கவே மறுத்தன. வீட்டில் வைத்து விளையாடிப் பார்க்கிறவர் செய்யலாம். நாளைக்கு முகூர்த்தம், இன்றிரவு ஐநூறு பத்திரிகை என்று நிற்கும் இடத்தில் நான் செய்யமாட்டேன்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைப் பற்றி மகன் கேட்டார். நல்ல கேள்விதான். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் ஆண்டுக்கணக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையிலான இயங்குதளத்தில் ஓடுகின்றன. இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு. டிபிஎம் கேட்காது, கணக்கு கேட்காது, பத்தாண்டுப் பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும். தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு என்று விசைப்பலகைகள் ஐபஸ் என்ற தட்டச்சு உதவி நிரல் வழியாகக் கிடைக்கும். கடிதம், கணக்கு எழுத லிப்ரெஆபிஸ் இருக்கிறது. இணையம் பார்க்க, கடிதம் எழுத, பிள்ளைகள் படிக்க என்று வைத்திருக்கும் பழைய மடிக்கணினிக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இந்த மேசையில் பேஜ்மேக்கரும் டாங்கிளும் இருக்கின்றன. போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு கேனன் எல்பிபி 2900 பிரிண்டர், ஊரில் பாதி ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கலாம். அது மற்ற லேசர் பிரிண்டர்களின் பொது மொழி பேசாது, கேனனுக்கே உரிய கேப்ட் மொழியில்தான் பேசும். லினக்ஸில் அதை ஓடவைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும் காரியம்.

பணம் கொடுத்துக் காலம் நீட்டிக்கும் வழியும் இருக்கிறது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதற்கடுத்தது மறுபடி இரட்டிப்பு. மூன்றாண்டுக்குக் கூட்டினால் 427 டாலர். இந்தப் பழைய ஐ3-ஐ விற்றால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அச்சகம் வணிக நிறுவனம், வீட்டுக் கணக்கில் சேர்வது முறையல்ல என்று சொன்னபோது அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

ஆக மிஞ்சியது ஒன்று: இணையத்தைப் பிடுங்கிவிடுவது. பத்திரிகை கோக்க இணையம் எதற்கு? கேபிளைக் கழற்றிவிட்டால் வெளியிலிருந்து வரும் தாக்குதலில் பெரும்பகுதிக்கு வழியே இல்லை. "அப்படியானால் பிரச்சினை முடிந்தது" என்றார். முடியவில்லை. அச்சகத்துக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் பென் டிரைவோடு வருகிறார்கள். கோப்புறையெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் வைரஸை நம் ஊர் ஜெராக்ஸ் கடைகள் எத்தனை ஆண்டுகள் ஊர் முழுக்கப் பரிமாறின! பென் டிரைவ் செருகும் கணினியைத் தனித்திருக்கும் கணினி என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு வழக்கம் வைத்தோம். வாடிக்கையாளரின் பென் டிரைவ் இரண்டாவது கணினியில் மட்டும்தான் செருகப்படும். அங்கே வைரஸ் சோதனை முடிந்த பிறகு, தேவையான படம் மட்டும் அச்சகத்துக்கென்றே வைத்த ஒரு பென் டிரைவில் ஏறி முதல் கணினிக்குப் போகும். அந்தப் பென் டிரைவில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

இதுவும் நிரந்தரமல்ல. அந்த ஐ3-இன் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும். அதற்காக இரண்டாவது கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, அதற்குள் ஒரு 32-பிட் விண்டோஸ் 10-ஐ, வலைத்தொடர்பை அணைத்து, உட்கார வைத்திருக்கிறேன். கணினிக்குள் ஒரு கணினி. டாங்கிளைச் செருகி அதை உள்ளிருக்கும் விண்டோஸுக்குக் கொடுத்தால், பழைய டிரைவர் அங்கே ஏறுகிறது, பேஜ்மேக்கர் திறக்கிறது. கொஞ்சம் மெதுவாக. இதற்கு 8 ஜிபி போதாது, 16 ஆக்கலாம் என்று ரேம் விலை கேட்டோம். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை ஏறிக் கிடந்தது. மைக்ரான் நிறுவனம் டிசம்பரில், சில்லறையில் விற்ற தன் குரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. புதிய கணினிதான் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் இந்த விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கோடு திணறும் தகுதியுள்ள கணினி கையில் இருந்தால், அதில் ஓர் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11-க்குப் போவதுதான் இப்போதைக்குச் சிக்கனம்.

ஒரே மாதிரிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடங்களில் இப்படி ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அங்கே ஆணைதான். 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓடிய ஏடிஎம் இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றச் சொல்லி வங்கிகளுக்குக் கெடு விதித்தது. எக்ஸ்பியின் ஆதரவு போய் அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு பெரிய வங்கிகளுக்கே அத்தனை தாமதம் என்றால், காலண்டர் சீசனில் சிக்கிய ஓர் அச்சகத்தை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

தை பிறந்து வேலை தணிந்த பிறகுதான் இரண்டாவது கணினியை மாற்றினோம். முதல் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, சுருட்டி, சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் அண்ணாச்சியே மாட்டினார். சென்ற மாதம் போயிருந்தபோது அது அங்கேயே இருந்தது. சிவப்பு நூல் பென் டிரைவ்தான் காணவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.